கத்தியை மடக்கினால் சாப்பாடு முடிந்தது

தியேர், 17 அக்டோபர் 1994

மிரேய் அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் படம் எட்டாம் தேதி சனிக்கிழமை நம் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. வாசலில் 'விருந்து விரிப்பு' என்று படத்தின் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் உன் பெயரைப் போட்டு, 'எழுதி இயக்கியவர் நம் ஊர்ப் பெண்' என்று அட்டை கட்டியிருந்தார்கள். அம்மா வியாழக்கிழமையே போய் முடியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் எடுக்கிற கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டார். மூன்றாவது வரிசை, மேயருக்குப் பக்கத்து நாற்காலி. நான் அவர்களுக்குப் பின்னால்.

படத்தில் கத்திப் பட்டறைத் தொழிலாளி ஒருவர், மகளைக் கட்டப்போகிறவனின் பணக்கார வீட்டுக்குக் குடும்பத்தோடு விருந்துக்குப் போகிறார். சரி, அது யார் கதை என்று கேட்க ஜோசியக்காரன் தேவையில்லை. உன் நடிகர் தொண்டையைச் செருமியதுமே அம்மா அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் நடிகர் பையிலிருந்து சொந்த மடக்குக் கத்தியை எடுத்து ரொட்டித் துண்டில் துடைத்தபோது கூட்டம் களுக்கென்றது. சீஸின் நுனியை, நம் வீட்டில் விருந்தாளிக்கென்றே வெட்டிவைப்போமே அந்த நுனியை, வெட்டி அந்த வீட்டம்மாள் தட்டில் வைத்தபோது இன்னும் சத்தம். அப்புறம் கத்தியை மடக்கினார்.

நம் ஊரில் எத்தனை வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது? அப்பன் கத்தியை மடக்கினால் சாப்பாடு முடிந்தது, வாயில் என்ன இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். தாத்தா காலத்திலிருந்து அப்படி. படத்தில் பெண்டாட்டியும் பையனும் 'டக்'கென்று எழுகிறார்கள். பணக்காரர்கள் திருதிருவென்று விழிக்கிறார்கள். இனிப்பு இன்னும் வரவே இல்லை! பாரிஸ்காரன் இதைப் பார்த்துச் சிரிப்பான், அது எனக்குத் தெரியும். தியேர்காரனும் சிரித்தான் அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தினமும் வீட்டில் அதையே செய்கிறவன், திரும்பித் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்துச் சிரித்தான்.

அப்பாவும் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாக. அவர் பிடரி மட்டும் சிவந்துபோயிருந்ததைப் பின்னால் உட்கார்ந்திருந்த நான்தான் பார்த்தேன்.

அன்றோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். திங்கட்கிழமை பட்டறையில் மதியச் சாப்பாட்டு மேஜைக்கு அப்பா வந்து உட்கார்ந்ததும், முப்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தியை மடக்கிவிட்டு எழுந்து நின்றார்களாம். விளையாட்டுக்குத்தான். மறுநாளும் அப்படியே. இப்போது அவர் சாணைக்கூடத்தின் மூலையில் தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். நாற்பத்தாறு வருஷம் அந்த மேஜையில் சாப்பிட்ட மனிதர். டிசம்பரில் ஓய்வு பெறுகிறார், ஊரையே கூப்பிட்டு விருந்து வைக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். "நான் வரல. நாலு பேரு முன்னாடி இனிமே எனக்குச் சோறு எறங்காது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

தன் ஓய்வு விருந்துக்கே போகமாட்டேன் என்கிறார். நீ செய்தது. நீயே சரிசெய்.

ஃபாப்ரிஸ்


பாரிஸ், 24 அக்டோபர்

அன்புள்ள ஃபாப்ரிஸ்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாவது முறை கோபம் வந்தது. மூன்றாவது முறை வந்த கோபத்தில் எழுதுகிறேன்.

நான் அப்பாவைக் கேலிசெய்தேன் என்கிறாய். அந்தப் படத்தில் யாருக்காவது மரியாதை இருக்கிறதென்றால் அது அவருக்குத்தான். இங்கே தியேட்டரில் நானே போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். சிரிக்கிறார்கள், ஆமாம், சிரிக்கத்தானே படம். ஆனால் வெளியே வரும்போது எல்லோரும் அந்தக் கிழவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருகிறார்கள். "எங்கப்பா மாதிரியே இருந்தாரு" என்று ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். என் மாமியாரை அதைவிட மோசமாகக் கிழித்திருக்கிறேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? போன் போட்டு, "என் புருவத்த அப்படியே புடிச்சிட்டியேடி! என் சிநேகிதிங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

இதை எழுதிய பிறகுதான் உறைக்கிறது. மாமியார் வீட்டாரைக் கேலிசெய்தால் அவர்களுக்கு ஒன்றும் குறைவதில்லை. சரி, அதை விடு.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். நான் ஊரைவிட்டு வந்து பதினாலு வருஷம். படத்தில் அப்பா பேசும் வசனத்தை எல்லாம் நான் எங்கிருந்து எடுத்தேன்? 'சூப்பு சூடா இருந்தா பொண்டாட்டி கோவமா இருக்கான்னு அர்த்தம்' எங்கிருந்து வந்தது? உன் கடிதங்களிலிருந்துதான் தம்பி. வாரம் தவறாமல் எழுதினாயே, அப்பா குளியலறைக் கதவோடு சண்டைபோட்டது, என் மாமனார் வீட்டுக்குப் பன்றி இறைச்சியைப் பூங்கொத்து மாதிரி கட்டி எடுத்துப்போனது. ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்திருக்கிறேன். நீ எழுதும்போது அது பாசம், நான் எடுத்தால் அது துரோகமா?

கோபம் தீர்ந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது, உன்மேல் பாய்ந்ததற்கு.

ஒன்று மட்டும் சொல். அப்பா படத்தைக் கடைசிவரை பார்த்தாரா? மகள் எழுந்து நிற்கிற இடம் வரை? அதைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

உன் மிரேய்


தியேர், 3 நவம்பர்

அக்கா,

நீ சொன்னது சுருக்கென்று தைத்தது. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உன்னைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

படம் வந்த அடுத்த வாரம் மதாம் ரூவெல் கஃபேயில் என்னை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். தபால் ஆபீஸில் ஸ்டாம்பு கிழித்துக் கொடுக்கிற என்னை அதுவரை எவன் சீந்தினான்? "டேய் ஃபாப்ரிஸ், உங்கப்பா மாதிரி செஞ்சு காட்டுடா!" என்றார்கள். ஒரு கோப்பை வைன் உள்ளே போயிருந்தது. செய்து காட்டினேன். தொண்டையைச் செருமி, ரொட்டியில் துடைத்து, கத்தியை மடக்கி. உன் நடிகரைவிட நான் நன்றாகவே செய்வேன் என்பது உனக்குத் தெரியும். எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். சட்டென்று சிரிப்பு அடங்கியது. திரும்பினால் அப்பா வாசலில் நிற்கிறார், சிகரெட் வாங்க வந்தவர்.

"நல்லாத்தான் செய்யுற. தோளு இன்னும் கொஞ்சம் எறங்கணும்" என்றார். சிகரெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முதல் கடிதத்தில் இதை உன்னிடம் மறைத்தேன். ஊர் சிரித்தது, ஊர் சிரித்தது என்று எழுதினேனே தவிர, அந்த ஊரில் முதல் ஆள் நான் என்று எழுதவில்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அதை நீ கேட்ட விதத்திலேயே உனக்கு உறுத்துகிறது என்று தெரிந்தது.

கல்லறைத் திருநாளுக்குத் தாத்தா கல்லறையில் சாமந்தித் தொட்டி வைக்கப் போயிருந்தோம். பட்டறை மோரீஸும் அவன் பெண்டாட்டியும் அங்கே வந்தார்கள். அவள் நம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் அந்தோனேன், அந்தக் கடைசி சீன் நெசமா? உங்க பொண்ணு அத்தன பெரிய மனுசங்க முன்னாடி எழுந்து நின்னாளா?" என்றாள்.

அப்பா நிமிர்ந்தார் அக்கா. மூன்று வாரமாகக் குனிந்தே திரிந்தவர். "நின்னாளாவா? மொத ஆளா எழுந்தா! நான் கத்திய மடக்கி முடிக்கல, அவ எழுந்துட்டா. அவ என் பொண்ணு" என்றார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோரீஸ் தொப்பியைத் தொட்டான்.

நான் தொட்டியில் மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு நானும் அந்த மேஜையில் இருந்தேன். எனக்குப் பதினேழு வயசு. அப்பா கத்தியை மடக்கினார். அம்மா எழுந்தாள். நான் எழுந்தேன்.

நீ எழவில்லை.

ஏன் அப்படி எழுதினாய்?

ஃபாப்ரிஸ்


பாரிஸ், 12 நவம்பர்

தம்பி,

ஒரு வாரம் உன் கேள்வியை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் திரிந்தேன். இன்று எழுதாவிட்டால் என்றைக்கும் எழுத மாட்டேன்.

அன்றைக்கு நான், என்னைக் கட்டப்போகிற எத்தியெனுக்குப் பக்கத்தில், உங்களுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் முழுக்க அந்த வீட்டுப் பழக்கங்களை அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான், நான் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்திருந்தேன். உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்களை நினைத்து நான் பயப்படுகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடுமே என்று சொல்லவில்லை.

அப்பா கத்தியை மடக்கினார். அந்தச் சத்தத்துக்கு என் கால் தானாக எழப்பார்த்தது, சத்தியமாகச் சொல்கிறேன். முழங்கால் மேஜைக்கு அடியில் இடித்தது. அப்போது மாமியாரின் புருவம் மேலே போனதைப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நீ உன் உடம்புக்குப் பத்தாத கோட்டில் நின்றாய். எத்தியெனின் தங்கை நாப்கினுக்குள் சிரித்தாள்.

நானும் சிரித்தேன் ஃபாப்ரிஸ். எழவில்லை என்பதுவரை உனக்குத் தெரியும். சிரித்தது உனக்குத் தெரியாது. அவளைப் பார்த்து, 'நான் உங்கள் பக்கம்' என்று சொல்வதற்காக, உதட்டை மூடிக்கொண்டு ஒரு சிரிப்பு. "ஆப்பிள் டார்ட் இன்னும் வரலையே, எங்க கிளம்பிட்டீங்க?" என்று மாமியார் கேட்டதும் நீங்கள் மூவரும் மறுபடி உட்கார்ந்தீர்கள். அப்பா அந்த டார்ட்டைத் தொடவே இல்லை.

படத்தை எழுதும்போது அந்த இடத்துக்கு வந்ததும் என்னால் உள்ளபடி எழுத முடியவில்லை. விரல் வரவில்லை. அந்தப் பெண்ணை எழுந்து நிற்கவைத்தேன். அவளைப் பார்த்து மாப்பிள்ளை எழுகிறான், அவன் அப்பன் எழுகிறான், ஏன் நிற்கிறோம் என்று தெரியாமலே கடைசியில் மேஜை முழுக்க நிற்கிறது. இங்கே கைதட்டல் விழுவதே அந்த இடத்தில்தான். அங்கே நான் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வேன்.

அப்பா எனக்காகக் கல்லறையில் நின்று பொய் சொன்னார் என்று படித்ததிலிருந்து எனக்கு உடம்பு கூசுகிறது. அவர் ஓய்வு விருந்துக்கு நான் வருகிறேன், எத்தியென் இல்லாமல். அவரிடம் சொல்லு. அவர் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லு. அவருக்கு நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

மிரேய்


தியேர், 28 நவம்பர்

அக்கா,

வருகிறார்! நீ வருகிறாய் என்றதும், "அவ்வளவு தூரத்துலேருந்து பொண்ணு வருது, நான் வூட்ல உக்காந்திருந்தா நல்லாருக்குமா?" என்றார். அதே மூச்சில் அம்மாவைப் புதுச் செருப்புக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். காலைக் கடிக்கிறது, ஆனாலும் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகுகிறார். தரை பூராவும் கறுப்புக் கோடு, அம்மா ஈரத்துணியோடு பின்னாலேயே போகிறாள்.

ஒரு நிபந்தனை போட்டார். அப்படியே எழுதுகிறேன். "வரச் சொல்லு. ஆனா மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிக்கக் கூடாது. அவ மன்னிப்பு கேட்டா நான் அவளுக்கு ஆறுதல் சொல்லணும். எனக்கு அதெல்லாம் வராது."

விருந்து டிசம்பர் 16, வெள்ளி, மதியம் பன்னிரண்டு மணி, நகராட்சி மண்டபம். நீ க்ளேர்மோனில் இறங்கு, காரோடு நிற்கிறேன். எத்தியென் வரவில்லை என்பது நல்லது, கோபித்துக்கொள்ளாதே.

அம்மா உனக்காக உருளைக்கிழங்கு அடை செய்கிறாளாம். விருந்தில் சாப்பிட்ட பிறகு அதை எங்கே வைத்துக்கொள்வாய் என்று கேட்டேன், அடிக்க வந்தாள்.

ஃபாப்ரிஸ்


தியேர், 19 டிசம்பர்

மிரேய்,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

நீ கண்ணாடிக் கோப்பையைத் தட்டி எழுந்து நின்றபோது உன் கண் கூட்டத்தில் இருந்தது. என் கண் அப்பாமேல் இருந்தது. நீ பார்க்காததை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முதலாளி பேசி, கடிகாரம் கொடுத்து முடித்திருந்தார். அப்பா எல்லோரோடும் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டிருந்தார். மோரீஸ் கத்தியை மடக்கிக் கண்ணடித்தபோது அவரே, "பொறுடா, கோழி இன்னும் மிச்சம் இருக்கு" என்று பதில் கொடுத்தார். மேஜையே சிரித்தது, அவரும் சிரித்தார், இந்த முறை பிடரி சிவக்கவில்லை. நீ எழுந்ததும் நாற்காலியை உன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்த மோரீஸின் பெண்டாட்டியிடம், "பாரு, எழுந்துட்டா" என்றார். எனக்குக் கேட்டது.

நீ சொன்னாய்: "படத்துல வர்ற மாதிரி நான் எழுந்து நிக்கல. நான் உக்காந்திருந்தேன். எங்கப்பாவ நெனச்சு வெக்கப்பட்டேன். அவங்களோட சேர்ந்து சிரிச்சேன். இத்தன வருஷம் கழிச்சு இன்னைக்கு உங்க எல்லாரு முன்னாடியும் அவருகிட்ட மன்னிப்பு கேக்குறேன்."

நூற்று நாற்பது பேர் எழுந்து கைதட்டினார்கள். என்ன தைரியம், என்ன மனசு என்றார்கள். மேயர் உன்னை வந்து கட்டிக்கொண்டார். உட்கார்ந்திருந்தது ஒரே ஆள். உன் அப்பா. புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத்தானே நான் உனக்கு எழுதினேன்? அதுவரை ஊருக்குத் தெரிந்தது என்ன? கத்தியை மடக்கி ஒரு கிழவர் தமாஷ் பண்ணிவிட்டார், ஆனால் அவர் பெண் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது என்ன தெரியும்? பெற்ற பெண்ணே அவரைப் பார்த்துச் சிரித்தாள். அதோடு, அவர் கல்லறையில் நின்று பொய் சொன்னார் என்பதும் தெரியும். சிரித்தாள் என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். பெரிய உண்மைவிளம்பி, உன் பாரத்தை இறக்கிவைக்க உனக்கு அவர் தலைதான் கிடைத்ததா?

நீ நான்கு மணி ரயிலைப் பிடித்துப் போய்விட்டாய், வேலை இருக்கிறதென்று. அம்மா செய்த அடை துணி மூடியபடி அப்படியே இருந்தது. இப்போது யாரும் அவரைக் கேலிசெய்வதில்லை. ரொட்டிக்கடைக்காரி கேட்காமலே ஒரு பன் சேர்த்து வைக்கிறாளாம், "பாவம், எடுத்துக்கோங்க" என்று. அவர் அதை வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்விடுகிறார். கேலியைத் தாங்கிய மனிதருக்கு இந்தப் 'பாவ'த்தைத் தாங்க முடியவில்லை.

இனி கஃபேக்கும் போகமாட்டாராம். நாற்பத்தாறு வருஷம் பட்டறைக்குப் போனவருக்கு இப்போது போக இடமே இல்லை.

ஃபாப்ரிஸ்


பாரிஸ், 27 டிசம்பர்

ஃபாப்ரிஸ்,

கிறிஸ்துமஸ் அன்று போன் செய்தேன். அம்மா எடுத்தாள். பின்னால் அப்பாவின் குரல் கேட்டது, "நான் குளிக்கிறேன்னு சொல்லு" என்று. குளித்துக்கொண்டே எப்படி அதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

உனக்குச் சொல்ல என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. அவர் நிபந்தனையை மறக்கவில்லை. படித்தேன். அது அவருடைய அடக்கம், உள்ளுக்குள் அவருக்கு இது வேண்டித்தான் இருக்கும் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். வசனம் எழுதுகிறவள் அல்லவா, எல்லோர் மனசிலும் என்ன இருக்கிறதென்று எனக்குத்தான் தெரியும்!

இதையும் மறைக்கமாட்டேன். ரயிலில் மூலேன் ஸ்டேஷன் வரை எனக்கு மனசு லேசாக இருந்தது. பதினாலு வருஷத்தில் முதல்முறையாகத் தூங்கினேன்கூட. கைதட்டல் காதில் இருந்தது. மூலேன் தாண்டியதும் முழிப்பு வந்தது. அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. அதுவரை நான் அவரைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

அன்றைக்கு ஐந்து பேர் முன்னால் செய்ததை இப்போது நூற்று நாற்பது பேர் முன்னால் செய்திருக்கிறேன். இந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அவருக்குக் கடிதம் எழுதட்டுமா? வேண்டாம், அதுவும் எனக்காகத்தான் இருக்கும். நீ சொல்லு, என்ன செய்யட்டும். எதையும் செய்யாமல் இரு என்றாலும் இருக்கிறேன்.

மிரேய்


தியேர், 9 ஜனவரி 1995

அக்கா,

என்ன நடந்தது என்று கேள்.

நேற்று மதாம் ரூவெல் கஃபேயில் நானும் மோரீஸும் இன்னும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு. முகம் மழித்திருந்தார். எல்லோரும் சாவு வீட்டில் பேசுகிற குரலில், "வாங்க அந்தோனேன், உக்காருங்க அந்தோனேன்" என்றார்கள். ஒருத்தன் நாற்காலியைத் துடைத்துவிட்டான். துடைத்தான் அக்கா, கஃபே நாற்காலியை!

அப்பா உட்காரவில்லை. நின்றுகொண்டே, "உங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். என் பொண்ணு அன்னிக்குப் பாதிதான் சொன்னா" என்றார்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவ எழுந்திருக்கத்தான் பாத்தா. நான்தான் கண்ணு காட்டினேன், உக்காருன்னு. அது அவ வாழப்போற வூடு. வந்தவங்க எழுந்து போவலாம். வூட்டுக்காரி எப்பிடிப் போவா? அதான் உக்காந்தா. நான் சொன்னதுக்காக உக்காந்தா."

"அப்ப சிரிச்சது?" என்றான் மோரீஸ். மடையன்.

"சிரிக்காம? அழுதா காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும்ல? அதுவும் நான் சொன்னதுதான்" என்றார். புருவத்தை எப்படி அசைத்தார் என்று செய்தும் காட்டினார். கொஞ்சம் கோணலாக வந்தது. அப்புறம் மோரீஸ், "அடப்பாவி கிழவா! பொண்ணு ஊரு முன்னாடி அழுவுது, நீ இத அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றான். "அவதான் பேச விடலியே. அவங்கம்மா மாதிரி" என்றார் அப்பா. சிரிப்பு கிளம்பியது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் இருந்தார்.

வரும் வழியில் அவராகத்தான் சொன்னார்: "அவளுக்கு எழுது. ஒரு ஞாயித்துக்கெழம வரச்சொல்லு." அவ்வளவுதான்.

நானும் அன்றைக்கு மேஜையில்தான் இருந்தேன். ஆனால் எனக்குப் பதினேழு வயசு, என் கோட்டைப் பற்றிய கவலையில் இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன். கண் காட்டினாரா?

ஃபாப்ரிஸ்


பாரிஸ், 14 ஜனவரி

தம்பி,

இல்லை.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கத்தியைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, தான் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள் என்ற நம்பிக்கையோடு, கதவைப் பார்த்து நின்றார். நான் எழவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது, மறுபடி உட்காரத் திரும்பியபோதுதான். அப்போது என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் உட்காரச் சொல்லும் சைகை ஒன்றும் இல்லை. நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். எத்தியெனுக்குச் சொல்லமாட்டேன். அம்மாவுக்குச் சொல்லமாட்டேன். எந்தப் படத்திலும் எழுதமாட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கஃபேக்குக் கூட்டிக்கொண்டு போவார், எனக்குத் தெரியும். மோரீஸ் கேட்பான். கேட்காமல் இருக்க அவனால் முடியாது. எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்கள், அப்பா மட்டும் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான், "ஆமா, எங்கப்பாதான் கண்ணு காட்டினாரு" என்று சொல்வேன். இரண்டு நாளாகக் குளியலறையில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் ஒருமுறைகூடக் குரல் உடையாமல் வரவில்லை. அதற்குள் வந்துவிடும்.

உன் அக்கா
மிரேய்